நீல வண்டியும் பச்சை வண்டியும்

எங்கள் முதலாளி மெட்ராஸ் ஏலத்தில் எடுத்து வந்த இரண்டு கார்களில் எது நல்ல வண்டி என்று நானும் பாயும் வருஷக்கணக்கில் சண்டை போட்டோம். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஆம்பூரில் ஆற்றுப் பக்கம் இருந்த, தோல் பதனிடும் ஒரு டேனரியில் நாங்கள் இரண்டு பேர் டிரைவர்கள். எனக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. பாய் ஐம்பதைத் தாண்டியவர், வாணியம்பாடிக்காரர், தினமும் ரயிலில் வந்து போவார். வண்டியைத் தவிர வேறு எதற்காகவும் நாங்கள் சண்டை போட்டதில்லை.

இரண்டுமே வெளிநாட்டுத் தூதரகத்து ஆட்கள் ஓட்டிவிட்டு விற்ற வண்டிகள். வந்தபோதே பத்துப் பன்னிரண்டு வருஷப் பழசு. முதலாளி அவற்றை ஏலத்தில் பார்த்த விதத்தை பாய் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மற்றவர்கள் எல்லாரும் பானெட்டைத் தூக்கி என்ஜினைப் பார்த்தார்களாம். எங்கள் முதலாளி மட்டும் கதவைத் திறந்து சீட்டுத் தோலைக் கிள்ளி அமுக்கி, மூக்கை வைத்து மோந்து பார்த்து, "இது நல்லா ஊறின தோலு. எடுத்துக்கலாம்" என்றாராம். பச்சை வண்டி அப்படித்தான் ஆம்பூர் வந்தது. அதோடு சேர்த்து நீலமும் வந்தது.

நீலம் என்னுடையது. அமெரிக்க வண்டி. எட்டு சிலிண்டர். எங்கள் தெருவில் திரும்பினால் அதன் மூக்கு ஒரு வீட்டு வாசலிலும் வால் இன்னொரு வீட்டு வாசலிலும் இருக்கும். ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் முன்னால் போகும் லாரியைத் தாண்டுவதற்கு வலது சீட்டில் இருக்கிறவர் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலாளிக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். பின்சீட்டில் உட்கார மாட்டார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வருது, வருது... இப்ப போ" என்பார். நான் மிதிப்பேன். அந்த மிதிப்புக்கு அந்த வண்டி கொடுத்த பதிலை நான் வேறு எந்த வண்டியிலும் பார்க்கவில்லை. சத்தம் பெரிதாக வராது. அடிவயிற்றில் ஒரு உறுமல், அவ்வளவுதான். புளியமரங்கள் சேர்ந்து ஒரே சுவர் மாதிரி ஆகிவிடும்.

பச்சை, பாயுடையது. இங்கிலீஷ் வண்டி, ஆறு சிலிண்டர், இரண்டு கார்புரேட்டர். நீளத்தில் நீலத்தைவிட ரொம்பக் கம்மி. தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். கியர் கீழே, கைக்குப் பக்கத்தில். பாய் இரண்டு விரலால் அதைத் தள்ளுவார். டேஷ்போர்டு முழுக்க மரப்பலகை, அதில் வட்டவட்டமாக மீட்டர்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் அந்தப் பலகையை முழங்கையால் ஒரு தடவை துடைப்பார்.

"உன் வண்டி நல்லா ஓடுதுன்னு யாருடா சொன்னது? தூங்கினு போவுது. படகு மாதிரி ஆடுது. டிரைவருக்கு வேலையே இல்ல" என்பார் பாய்.

"உங்க வண்டி இன்னாத்துக்கு பாய்? குடியாத்தம் போறதுக்குள்ள தண்ணி கேக்குது."

"குளிர் நாட்டுப் பொண்ணுடா. நம்ம வெயிலுக்குக் கொஞ்சம் மொணகும். அதுக்காக அது கம்மியாயிடுமா?"

ஒரே ஒரு தடவைதான் இரண்டையும் மாற்றி ஓட்டிப் பார்த்தோம். வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வந்தவர்களை முதலாளி ஏலகிரிக்கு அழைத்துப் போனார். அவர்கள் மேலேயே தங்கிவிட, இரண்டு வண்டியும் காலியாகத் திரும்பின. பாய் சாவியை என்னிடம் நீட்டினார். நான் பச்சையில் மலை இறங்கினேன். ஏலகிரி வளைவுகளை அந்த வண்டி எடுத்ததைச் சொல்ல வேண்டும். நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேனா, நினைத்ததுமே அது திரும்பியதா என்று தெரியவில்லை. பிரேக்கைத் தொட்டால் தொட்ட இடத்தில் அடங்கியது. எனக்குப் பின்னால் நீலத்தில் வந்த பாய் பாதி மலையில் நிறுத்திவிட்டார். போய்ப் பார்த்தால் முன்சக்கரங்களில் பிரேக் தீய்ந்த நாற்றம். அவர் முகத்தில் வேர்வை.

"பாய், உங்க வண்டி வளைவுல கயிறு கட்டி இழுத்த மாதிரி போவுது" என்றேன். மனதாரச் சொன்னேன்.

அவரும் விட்டுக்கொடுக்காமல் இல்லை. "மேல ஏறும்போது பாத்தேன்டா. உன்னுது ராஜா. ஆனா ராஜாவுக்கு நிக்கத் தெரியல."

சக்கரங்கள் ஆறும்வரை கீழே ஜோலார்பேட்டைப் பக்கம் தெரிந்த சமவெளியைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். ஆம்பூரிலிருந்து வேலூர் வரை நேர் ரோட்டில் எது முதலில் போகும் என்ற பேச்சு அங்கேதான் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் கிளப்பிப் பார்த்தால்தான் தெரியும் என்றார் பாய். முதலாளி விட மாட்டார் என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம்.

என் அண்ணனும் அதே டேனரியில்தான் வேலை செய்தான். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்துப் போடும் வேலை. என்னைவிட எட்டு வயது பெரியவன், பெரிய உடம்பு. எனக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். மாதனூர் பக்கம் எங்கள் ஊர். அண்ணியும் அவனும் ஊரில் இருந்தார்கள். நான் ஆம்பூரில் ஒரு அறை எடுத்திருந்தேன். பாயின் மகனும் டேனரியில்தான் வேலை செய்தான். ஃபிட்டர் படித்தவன், பம்புசெட்டும் மோட்டாரும் அவன் பொறுப்பு. மூன்று பெண்களுக்குப் பிறகு பிறந்தவன். மெலிந்த ஆள். அப்பாவைப் போலவே பேசும்போது கையை ஆட்டுவான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் அண்ணனுக்கு அவனைக் கண்டால் கிண்டல்தான். "உங்க அப்பன் வண்டிக்குத் தண்ணி ஊத்திட்டியா?" என்பான். அந்தப் பையன் தன் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து அண்ணன் சோற்றில் வைத்துவிட்டுப் போவான்.

அது அக்னி நட்சத்திர வெயில். மழை வருவதற்குள் பின்பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும் என்று காலையிலிருந்து பம்பு ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ராணிப்பேட்டை போக வேண்டும் என்று சொல்லியிருந்ததால் நான் நீலத்தைக் கேட்டுக்கு வெளியே நிழலில் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தேன். பாய் யாரையோ ஏற்றிவிட ரயில்வே ஸ்டேஷன் போயிருந்தார்.

பின்பக்கம் கூச்சல் கேட்டது. டேனரியில் கூச்சல் புதிதில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்று நான்கு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கி ஓடி வந்தார்கள். பாயின் மகன். உடம்பெல்லாம் கறுப்புச் சேறு. உதடு நீலம் பாரித்திருந்தது. பம்பு அடைத்துக்கொண்டதென்று ஏணி வைத்துத் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறான். அடியில் தேங்கியிருந்த விஷவாயு அடித்து அப்படியே விழுந்துவிட்டான். பின்சீட்டில் அவனைக் கிடத்தினார்கள். ஒரு தொழிலாளி ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். கணக்கர் ஓடி வந்து முன்னால், முதலாளி உட்காரும் வலது சீட்டில் ஏறினார்.

"வேலூருக்குப் போ. எங்கயும் நிக்காத" என்றார்.

ஊரைத் தாண்டும்வரை ஹாரனிலிருந்து கை எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மிதித்தேன். அந்த வண்டி என்ன செய்யும் என்று அதுவரை எனக்குத் தெரியாது, அன்றைக்குத்தான் தெரிந்தது. மீட்டர் மைலில் காட்டும். முள் நான் ஒருநாளும் பார்க்காத பக்கம் போய் நின்றது. கணக்கர் பயந்த சுபாவம், சைக்கிளில்கூட மெதுவாகப் போகிறவர். அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "போ... போ... பஸ் வருது, இரு... போ" என்று கத்திக்கொண்டே வந்தார்.

மாதனூர் வந்தபோது எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. "எங்க அண்ணன் அங்க இல்லியா? அவன் இருந்தா தொட்டியிலருந்து டக்குனு தூக்கியிருப்பானே" என்றேன்.

கணக்கர் என் பக்கம் திரும்பவில்லை. "முன்னால லாரி போவுது பாரு" என்றார்.

பின்சீட்டில் இருந்தவர், "தம்பி, கண்ணத் தொறடா. தம்பி, அப்பா வர்றாருடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளிகொண்டா தாண்டியும் அந்தக் குரல் கேட்டது. விரிஞ்சிபுரம் பக்கத்தில் நின்றுவிட்டது. நான் கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்தால் கால் தளர்ந்துவிடும் என்று தெரியும். இன்னும் அழுத்தினேன். இன்னும் அழுத்துவதற்கு அந்த வண்டியில் இடம் இருந்தது.

வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சீக்கிரமே ஒரு டாக்டர் வெளியே வந்தார். இளம் வயது, கண்ணாடி போட்டவர். உயிர் இல்லை என்றார்.

"வழியிலயா சார் போச்சு?" என்று கேட்டேன்.

"நீங்க கெளம்பறதுக்கு முன்னாலயே போயிருக்கும்ப்பா. எவ்வளவு வேகமா வந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். வண்டியின் அதிர்வு இன்னும் என் உடம்பை விடவில்லை.

கணக்கர் என் தோளைப் பிடித்து மரத்தடிக்கு அழைத்துப் போனார். "உன்கிட்ட ரோட்டுல சொல்லக்கூடாதுன்னுதான் சொல்லல. அந்தப் பையன் வுழுந்ததும் உங்க அண்ணன்தான் எறங்கினாரு. அவருதான் அவன் இடுப்புல கயித்தக் கட்டினாரு. நாங்க இவன மேல இழுக்கறதுக்குள்ள அவரும் வுழுந்துட்டாரு. நாம கெளம்பும்போது அவரு உள்ளதான் இருந்தாரு."

நான் ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடினேன். அண்ணனை மேலே எடுத்திருந்தால் பச்சையில்தான் ஏற்றியிருப்பார்கள், டேனரியில் வேறு வண்டி இல்லை. பெங்களூர் ரோட்டிலிருந்து வரும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை வண்டி என் வண்டியைவிட வேகமானதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் வேண்டினேன். பாய் சொன்னதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், நான் சொன்னதெல்லாம் பொய்யாக இருக்க வேண்டும். வெயிலில் தார் உருகிக்கொண்டிருந்தது. வண்டி வரவில்லை. வெகுநேரம் வரவில்லை.

வந்தபோது பானெட்டிலிருந்து புகை மாதிரி ஆவி பறந்தது. பள்ளிகொண்டாவில் கொதித்து நின்றுவிட்டதாம். டீக்கடைக்காரர்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள். என்ஜின் ஆறும்வரை பாய் ரோட்டில் நின்று என் அண்ணனுக்குத் துண்டால் விசிறியிருக்கிறார். அதற்குப் பிறகு சூடு முள்ளைப் பார்த்துப் பார்த்து, மிதிக்காமல், வேலூர் வந்து சேர்ந்திருக்கிறார்.

பாய் கதவைத் திறந்து இறங்கி என்னிடம் ஓடி வந்தார். "உங்க அண்ணனுக்கு உசுரு இருக்குதுடா. மூச்சு வருது. கொண்ணாந்துட்டேன்டா" என்றார். அவர் கைகள் நெருப்புப் பட்ட மாதிரி சிவந்திருந்தன, ரேடியேட்டர் மூடியைத் திறந்த கை. பிறகு என் பின்னால் எட்டிப் பார்த்தார். "என் பையன் எங்க? எந்த வார்டு?"

கணக்கர்தான் சொன்னார்.

பாய் நீல வண்டி நின்றிருந்த இடத்தைப் பார்த்தார். அதன் முகப்பெல்லாம் பூச்சிகள் அடித்து ஒட்டியிருந்தன. "எவ்ளோ நேரத்துல வந்த?" என்று கேட்டார். சொன்னேன். "அதுக்கு மேல யாராலயும் முடியாதுடா" என்றார். அப்படியே வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பையன் அடக்கம் மறுநாள் வாணியம்பாடியில் நடந்தது. என் அண்ணன் மழைக்காலம் வரை ஆஸ்பத்திரியில் இருந்தான்.

ஊர் பேச ஆரம்பித்தது. டீக்கடையில், பிரியாணிக் கடையில், கேட்டில். நீலம் பறந்து போயும் பையன் பிழைக்கவில்லை, பச்சை நின்று நின்று போயும் ஆள் பிழைத்துவிட்டான், அதனால் பச்சை ராசியான வண்டி என்றார்கள். டாக்டர் சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன். யாரும் அதைக் கேட்க விரும்பவில்லை. முதலாளி வீட்டுப் பெண்கள் நீலத்தில் ஏற மறுத்துவிட்டார்கள். முதலாளியும் அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து "இப்ப போ" என்று சொல்லவில்லை. அந்த வண்டியைச் சும்மா நிறுத்தி வைத்துத் துடைப்பதுதான் என் வேலை. பின்சீட்டின் தையலுக்குள் போயிருந்த கறுப்புச் சேறு எத்தனை துடைத்தும் போகவில்லை. தொட்டிக்கு மேல் சிமெண்டுப் பலகை போட்டு மூடினார்கள். அடுத்த கோடையில் அதே பலகையைத் தள்ளிவிட்டு வேறு ஆட்களை இறக்கினார்கள்.

சில மாதங்களில் பாயும் மாறிப்போனார். ஒருநாள் ஷெட்டில் டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தலையைத் தூக்காமலே, "என் வண்டியில ஏத்தியிருந்தா பொழச்சிருப்பான்" என்றார்.

"பாய், டாக்டர் உங்ககிட்டயும் சொன்னாரே..."

"டாக்டருக்கு இன்னா தெரியும்? உன் வண்டி ஆட்டத்துல நல்ல உசுரே போயிடும். என்னுது ஆடாம அசையாம கொண்டுபோவும். உங்க அண்ணன் பொழச்சான் இல்ல?"

என்னைப் பழி சொல்வதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை, எனக்கு அது தெரியும். பிடித்துக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குப் பிறகு நாங்கள் வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. வண்டிப் பேச்சு இல்லாவிட்டால் எங்களுக்குள் பேச ஒன்றும் இல்லை என்றும் தெரிந்துபோயிற்று. அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டார். பச்சை ஷெட்டிலேயே டயர் இறங்கி நின்றது. நீலத்தை யாரோ மெட்ராஸ் தரகர் வாங்கிப் போனார். முதலாளி ஒரு டீசல் வண்டி வாங்கினார். அது எதையும் முந்தாத வண்டி.

நான் ஆம்பூர் அறையை விட்டு அண்ணன் வீட்டுக்கே வந்து, ஒரு ஷூ கம்பெனியில் பஸ் ஓட்டப் போனேன். விடிந்ததும் மாதனூர் பக்கத்துக் கிராமங்களில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போக வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அண்ணியும் அந்த பஸ்ஸில் வருவாள். அண்ணனால் இனி வேலை செய்ய முடியாது என்று ஆனபோது அவள் அங்கே ஷூவின் மேல்பாகத் தோல் தைக்கச் சேர்ந்தாள்.

அண்ணன் பிழைத்தான் என்று ஊர் சொன்னது. நான் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு என்னைத் தெரிந்தது, அண்ணியைத் தெரிந்தது. வலது கை நடுங்கியது, சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டும். அடிக்கடி வலிப்பு வந்தது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, அவன் மனது அந்தத் தொட்டியை விட்டு மேலே வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டே இருப்பான். திடீரென்று கையைத் தட்டிவிட்டு, "பையன் மேல வந்துட்டானாடா?" என்பான். ஆரம்பத்தில் நான் உண்மையைச் சொன்னேன். புதிதாகக் கேட்கிறவன் மாதிரி அழுவான். மறுநாள் மறந்துவிட்டுத் திரும்பக் கேட்பான். ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அது முதல் தடவை. அண்ணி ஒருநாள் என்னைக் கும்பிட்டு, "வேணாம்ப்பா, இனிமே சொல்லாத" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம். அப்படியும் அவன் விடமாட்டான். முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வேலையை விட்ட பிறகு பாய் மாதத்துக்கு ஒரு தடவை, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, வாணியம்பாடியிலிருந்து பஸ் பிடித்து அண்ணனைப் பார்க்க வருவார். முதல் தடவை வந்தபோது நானும் இருந்தேன். கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். யாரென்று தெரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"பாய், கயிறு கட்டிட்டேன் பாய். பையன் மேல வந்துட்டானா?"

அன்று வேலைக்குப் போகாமல் இருந்த அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

பாய் அவன் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தார். "வந்துட்டான்ப்பா" என்றார். "நல்லா இருக்கான். நீதான் கட்டி அனுப்பின. வந்துட்டான்."

அண்ணன் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

அப்படியே வருஷங்கள் போயின. ஒவ்வொரு தடவையும் அண்ணன் கேட்பான், ஒவ்வொரு தடவையும் பாய் சொல்வார். போகப்போக அவர் சொல்வது நீண்டுகொண்டே போனது. பையன் மோட்டார் கடை வைத்திருக்கிறான் என்பார். பையனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்பார், அது தன் மீசையைப் பிடித்து இழுக்கிறது என்பார். அண்ணன் சிரிப்பான். நான் அந்த நேரத்தில் வெளியே போய் நின்றுகொள்வேன். அண்ணனைத் தேற்றத்தான் அவர் வருகிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

எண்பத்துநாலில், ஒரு மத்தியானம், வலிப்பு வந்து அண்ணன் போய்விட்டான். அண்ணி பேக்டரியில் இருந்தாள். நான்தான் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு அவளை அழைத்து வந்தேன். பாய்க்கு ஆள் சொல்லி அனுப்பினோம். அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் அதே ஸ்டூலில் உட்கார்ந்தார். எதுவும் குடிக்கவில்லை.

அண்ணி அவர் முன்னால் வந்து நின்றாள். "இத்தினி வருஷம் அலைஞ்சிட்டீங்க பாய். உங்களுக்கும் ஒடம்பு முடியல. இனிமே சிரமப்பட்டு வர வேணாம்" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

பாய் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. அவர் மகன் தொட்டியிலிருந்து மேலே வந்து, கடை வைத்து, குழந்தை பெற்று வாழ்ந்துகொண்டிருந்தது இந்த ஒரு வீட்டில் மட்டும்தான். அதைக் கேட்க இருந்த ஒரே ஆளும் போய்விட்டான்.

"சரிம்மா" என்றார்.

ரோடு வரைக்கும் அவரோடு நடந்தேன். வாணியம்பாடி பஸ் வந்ததும், என் கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்து மெதுவாக ஏறினார். நின்றுகொண்டேதான் போனார், உட்கார இடம் இல்லை. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். எனக்குச் சேதி வந்தபோது நாற்பதாம் நாள் சடங்கும் முடிந்திருந்தது.